கட்டுச்சோறு இல்லாத முட்டை

கோல சிலாங்கூர்
18 ஆகஸ்ட் 2024

மகள் அஃபிஃபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டாய். சரி, உன் உரிமை. ஆனால் தபால்காரரை பிளாக் பண்ண இன்னும் யாரும் பட்டன் கண்டுபிடிக்கவில்லை, அதனால் எழுதுகிறேன். உன் அம்மாவின் போனில் பேசுகிறேனே என்று கெஞ்சிப் பார்த்தேன். "ஒங்க ரெண்டு பேரு சண்டைக்கு எம் போன வாடகைக்கு விடமாட்டேன்" என்று மரியம் சொல்லிவிட்டாள்.

மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்ட பிறகு நான் எழுதியதெல்லாம் கடைப் பலகையில்தான். 'இன்று மீன் தலைக் கறி உண்டு.' நீளமாக எழுதியது அதுதான். ஆகவே வரி கோணலாகப் போனால் பொறுத்துக்கொள்.

அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி முதலில் எழுதிவிடுகிறேன். மத்தியானம் ரிசல்ட் வரும் என்றாய். நான் காலையிலேயே கடை வாசலில் பேனர் கட்டினேன். உன் படம், உன் பெயர், கீழே 'முதல் வகுப்பில் தேர்ச்சி'. ஜும்மா முடிந்து வருகிறவர்களுக்கெல்லாம் முட்டை ரொட்டி இலவசம் என்று வேறு சொல்லி வைத்தேன். பள்ளிவாசலில் இருந்தவர்கள் அப்படியே எழுந்து கடைக்குள் வந்துவிட்டார்கள். நீ ரொட்டிக் கல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "அத்தா, ஒரு பேப்பர் ஃபெயில்" என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னாய். நான் ஊருக்கே கேட்கும்படி, "ஒரு பேப்பருதானே, எங்க மச்சான் லோரி லைசென்சையே மூணு வாட்டி எடுத்தான்" என்றேன். கடையே சிரித்தது. மறுநாள் நீ படிக்கிற கோத்தா கினபாலுவுக்கே விமானம் ஏறிவிட்டாய். கூட்டத்தில் கையைப் பிசைய நேர்ந்தால் எனக்குச் சிரிப்பு மூட்டத்தான் வரும். வேறு எதுவும் கைவசம் இல்லை.

செப்டம்பர் கடைசியில் அந்தப் பேப்பரைத் திரும்ப எழுதலாமாம். எழுதாவிட்டால் படிப்பே போய்விடுமாம். நீ எழுதப் போவதில்லை, அங்கேயே ஏதோ கடையில் வேலைக்குச் சேரப்போகிறாய் என்று மரியம் சொன்னாள். கடை வேலை கேவலம் இல்லை. ஆனால் அதற்கு எதற்குக் கடல் தாண்டுகிறாய்? இங்கேயே ஒரு கல் இருக்கிறது, மாவு பிசைய ஆளும் பற்றவில்லை. அவ்வளவுதான், இதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை.

ஒரு கேள்வி மட்டும். அவசரத்தில் ஒரு பாடப் புத்தகத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். மாவு ஊறுகிற நேரத்தில் புரட்டினேன். ஒரு பக்கம் முழுக்க முட்டைப் படம். தவளை, கோழி, பூச்சி, முள்ளு முள்ளாக ஒரு கடல் பிராணி. மஞ்சள் கருவை வைத்து முட்டைகளைப் பிரித்திருக்கிறார்கள் என்று மட்டும் புரிந்தது, அதற்கு மேல் என் இங்கிலீஷ் ஏறவில்லை. செகிஞ்சானிலிருந்து நமக்கு முட்டை போடுகிற லோரிக்காரர் ஏ, பி, சி என்று கிரேடு சொல்வாரே, பெரிசு ஏ, சின்னது சி. இதுவும் அதுதானே? கோழி ஏ கிரேடு, தவளை சி கிரேடு? உடையப்பன் அண்ணனைக் கேட்டேன். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்து ரிட்டையர் ஆனவர், தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவர். "ஆமா பாய், தவளைக்கு அம்புட்டுத்தான் தகுதி" என்றார். எனக்கென்னவோ நம்பிக்கை வரவில்லை.

பொட்டலத்தில் நெத்திலி சம்பலும், இறைச்சியை உதிர்த்து வறுத்த செருண்டிங்கும் வைத்திருக்கிறேன். கெட்டுப்போகாது.

அத்தா
சைஃபுதீன்


கோத்தா கினபாலு
27 ஆகஸ்ட் 2024

அத்தாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். பொட்டலம் வந்தது. ரூம்மேட் பாதி சம்பலைத் தின்றுவிட்டாள்.

அது கிரேடு இல்லை. தயவுசெய்து தவளை சி கிரேடு என்று கடையில் யாருக்கும் சொல்லாதீர்கள்.

முட்டை பெரிசா சின்னதா என்பதே கணக்கில் வராது. இரண்டே கேள்விதான். உள்ளே மஞ்சள் கரு எவ்வளவு? அது எந்தப் பக்கம் இருக்கிறது? அந்த முள்ளுப் பிராணியின் முட்டையில் மஞ்சள் ரொம்பக் கொஞ்சம், எல்லா இடத்திலும் சமமாகப் பரவியிருக்கும். தவளைக்கு நடுத்தரம், அதில் பெரும்பங்கு கீழ்ப்பாதியில் இறங்கிக் கிடக்கும். கோழிக்கும் மீனுக்கும் ஏகப்பட்டது. உயிர் வளர்கிற இடம் மஞ்சளுக்கு மேல் ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும்தான். கல்லில் உடைத்து ஊற்றும்போது நீங்களே பார்த்திருப்பீர்கள், பார்க்காத மாதிரி தேய்த்திருப்பீர்கள். பூச்சி, இறால், நண்டு இவற்றுக்கு மஞ்சள் நடுவில் இருக்கும், உயிர் அதைச் சுற்றித் தோல் மாதிரி படரும்.

இன்னொன்று. கோழி முட்டையின் மஞ்சள் கரு முழுவதும் ஒரே ஒரு செல். நம் உடம்பில் கோடிக் கணக்கில் இருக்கிறதே, அந்த மாதிரி ஒன்றுதான் தீனி ஏற்றி ஏற்றி அவ்வளவு பெரிசாகியிருக்கிறது.

இதை எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை. கேள்வி கேட்டு என்னைப் படிக்கவைக்கப் பார்க்கிறீர்கள் என்று எனக்குப் புரிகிறது, அத்தா. நான் பரீட்சைக்குப் போகப்போவதில்லை. நீங்கள் அடுத்த கேள்வியோடு வந்தால் பதில் போடமாட்டேன்.

அந்தப் பேனரை எடுத்தாகிவிட்டதா?

அஃபிஃபா


கோல சிலாங்கூர்
3 செப்டம்பர் 2024

மகள் அஃபிஃபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தந்திரம் செய்யும் அளவுக்கு எனக்கு மூளை இருந்திருந்தால் ரிசல்ட் வருவதற்கு முன் பேனர் கட்டியிருப்பேனா? எடுத்துவிட்டேன். சுருட்டி ஸ்டோரில் வைத்திருக்கிறேன்.

நீ எழுதியதை உடையப்பன் அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். மஞ்சள் கரு ஒரே செல் என்றதும் மனிதர் தேநீரைக் கீழே வைத்துவிட்டார். "அப்ப நான் இத்தன வருசமா ஒரு செல்லத்தான் ரெண்டு வாயில தின்னுக்கிட்டு இருக்கேனா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அன்றைக்கு இரண்டாவது முட்டை கேட்டு வாங்கினார்.

அப்புறம் இரண்டு பேரும் புக்கிட் ரோத்தான் பக்கம் அவருடைய பழைய தோட்டத்துக்குப் போனோம். மழை பெய்திருந்ததால் செம்பனை வரிசைகளுக்கு நடுவில் ஓடும் கால்வாயில் தவளை முட்டை கொத்துக் கொத்தாகக் கிடந்தது. ஒரு கிளாஸில் அள்ளிக்கொண்டு வந்தேன். நீ சொன்னது சரிதான். ஒவ்வொன்றும் ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் வெளுப்பு. ஆனால் நீ சொல்லாத ஒன்றையும் பார்த்தேன். கரண்டிக் காம்பால் மெதுவாகக் கவிழ்த்துவிட்டால், கொஞ்ச நேரத்தில் தானாகப் புரண்டு கறுப்புப் பக்கம் மேலே வந்துவிடுகிறது. எத்தனை தடவை கவிழ்த்தாலும் அப்படித்தான். ஒரு மேசைக்குப் போட்ட தே தாரிக் டீ ஆறிப்போகிற அளவுக்கு இதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தக் கிளாஸை மேசையில் வைத்தது என் தப்புதான். சப்ஜா விதை போட்ட சிராப் என்று நினைத்து உடையப்பன் அண்ணன் உதட்டருகில் கொண்டுபோய்விட்டார். மரியம் பாய்ந்து பிடுங்கினாள். இனிமேல் கடைக்குள் உயிருள்ளது எதையும் கொண்டுவரக் கூடாது, நானும் கையைக் கழுவிவிட்டுத்தான் வரவேண்டும் என்று உத்தரவு. மறுநாள் கிளாஸைக் கால்வாயிலேயே கவிழ்த்துவிட்டு வந்தேன்.

எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன், தப்பாக இருந்தால் அடித்துவிடு. மஞ்சள் கரு என்பது தாய் கட்டிக்கொடுக்கும் கட்டுச்சோறு. தவளை அரை வயிற்றுக்குத்தான் கட்டுகிறது. அதனால்தான் பிள்ளை பாதி வளர்ந்ததுமே தலைப்பிரட்டையாக வெளியே வந்து பாசி தேடித் தின்கிறது. கோழி முழுச் சாப்பாடு கட்டுகிறது, குஞ்சு முழுக் குஞ்சாகவே வருகிறது. இறாலும் பூச்சியும் நம் ஆட்கள் மாதிரி. கல்யாண வீட்டில் சகன் தட்டை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிறோமே, அந்த ஏற்பாடு. நம்முடைய கம்போங் குவாந்தான் மின்மினிக்கும் சகன்தானே? இத்தனை வருடமாக ஆற்றோரம் சகன் சாப்பாடு நடக்கிறது, நமக்கு ஒரு அழைப்பு இல்லை.

மனிதனுக்கு என்ன ஏற்பாடு? அந்தப் பக்கத்தில் ஆள் படமே இல்லை. எவ்வளவு கட்டிக்கொடுக்கிறார்கள்? இது தந்திரம் இல்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்கு ரொட்டி வட்டமாக வரவில்லை.

சம்பல் இந்தத் தடவை இரண்டு டப்பா. ஒன்று ரூம்மேட்டுக்கு.

அத்தா


கோத்தா கினபாலு
10 செப்டம்பர் 2024

அத்தாவுக்கு,

பதில் போடமாட்டேன் என்றுதான் இருந்தேன். 'சகன்' என்று படித்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன், என்ன என்ன என்று ரூம்மேட் பிடுங்கிவிட்டாள். மின்மினிக்கும் அதேதான். சரியாகச் சொல்லியிருக்கிறீர்கள்.

மனித முட்டையில் கட்டுச்சோறு கிடையாது. கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. இந்தப் பேனாவால் வைக்கிற புள்ளியை விடச் சின்னது. முள்ளுப் பிராணியுடையது போலவே இருக்கும், ஆனால் காரணம் வேறு. அந்தப் பிராணியின் பிள்ளை சீக்கிரமே கடலில் இறங்கித் தானே தேடித் தின்னப்போகிறது. மனிதப் பிள்ளை எங்கேயும் போகப்போவதில்லை. ஊட்டுகிறவள் அங்கேயே இருக்கிறாள். அப்புறம் எதற்குக் கட்டிக்கொடுக்க வேண்டும்?

இனி எழுதப்போவதை அம்மாவிடமும் நான் சொல்லவில்லை.

நான் எழுத்துப் பரீட்சையில் ஃபெயில் இல்லை. நல்ல மார்க். ஃபெயிலானது லேப்பில். ஆளுக்கு ஒரு கோழி முட்டை கொடுத்தார்கள், இன்குபேட்டரில் மூன்று நாள் இருந்தது. இளஞ்சூடான உப்புத் தண்ணீரில் அதை உடைத்து ஊற்றி, குஞ்சாகப் போவதை மட்டும் கத்தரித்து எடுத்து, மைக்ராஸ்கோப்பில் வைத்து வரைய வேண்டும். உடைப்பதற்கு முன்னால் விளக்கில் காட்டிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. உள்ளே சிவப்பு நரம்பு நரம்பாக ஓடியது. நடுவில் ஒரு புள்ளி துடித்துக்கொண்டிருந்தது, அத்தா.

பக்கத்தில் எல்லாரும் உடைத்துவிட்டார்கள். பள்ளிக்கூட லீவில் உங்கள் கல்லுக்கு முன்னால் நின்று ஒரே கையில் இரண்டு இரண்டாக உடைத்தவள் நான். கடை முட்டை அடைக்கு வைத்தாலும் பொரிக்காது, அதில் உயிர் இல்லை என்று எனக்குத் தெரியும். இதில் இருந்தது. கை ஓடவில்லை. எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். செப்டம்பரில் திரும்ப வைக்கப்போவதும் அதே லேப் பரீட்சைதான்.

கடைக்காரர் மகள் முட்டை உடைக்கப் பயந்துவிட்டாள் என்று தெரிந்தால் நீங்கள் ஜும்மா கூட்டத்துக்கே சொல்லிச் சிரிப்பீர்கள் என்று நினைத்தேன். அதனால்தான் சொல்லவில்லை. இப்போது எழுதிவிட்டேன். யாரிடமும் சொல்லாதீர்கள்.

அஃபிஃபா


கோல சிலாங்கூர்
16 செப்டம்பர் 2024

மகள் அஃபிஃபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். யாரிடமும் சொல்லவில்லை. உன் அம்மாவிடமும் இல்லை. உடையப்பன் அண்ணன் கடிதம் வந்ததா என்று இரண்டு தடவை கேட்டார், சம்பலில் உப்பு கம்மி என்று எழுதியிருக்கிறாள் என்றேன். அவரும் ருசி பார்த்துவிட்டு ஆமாம், கம்மிதான் என்றார்.

சிரிப்பு வரவில்லை. நீ எழுதியதைப் படித்த பிறகு கல்லுக்கு முன்னால் நின்றால் கை தயங்குகிறது. கடை முட்டையில் ஒன்றும் இல்லை என்று நீயே எழுதியிருக்கிறாய், இருந்தாலும் ஒவ்வொன்றையும் ஒரு தடவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு உடைக்கிறேன். ஆட்கள் நான் போலி முட்டை வாங்கி ஏமாந்துவிட்டேன் என்று நினைக்கிறார்கள்.

நீ பார்த்ததை நானும் பார்க்க வேண்டும் என்று ஆகிவிட்டது. தோட்டத்தில் தங்கமணி என்று ஒரு அக்கா நாட்டுக்கோழி வளர்க்கிறார். அடைக்கு வைத்த முட்டை ஒன்று வேண்டும் என்றேன். "அடைக்கு வெச்சதப் போயி ஆம்லெட்டுக்குக் கேக்குற மொத ஆளு நீதான் பாய்" என்று திட்டினார். பார்த்துவிட்டுத் தந்துவிடுகிறேன் என்று சத்தியம் செய்தபிறகு கோழியைத் தூக்கினார். கூட்டுக்குள்ளேயே குனிந்து, போன் லைட்டில் பிடித்துப் பார்த்தேன்.

பார்த்தேன், புள்ள. சிலந்தி மாதிரி சிவப்பு. நடுவில் அந்தப் புள்ளி. நானும் மூச்சை அடக்கிக்கொண்டேன், என் மூச்சால் அது நின்றுவிடும் போல. திரும்ப வைக்கும்போது தாய்க்கோழி என் புறங்கையைக் கொத்தி ரத்தம் வரவைத்துவிட்டது. தங்கமணி அக்காவுக்கு அதில் ரொம்பத் திருப்தி. அந்த முட்டையை உடை என்று என்னிடம் சொல்லியிருந்தால் நானும் வைத்துவிட்டுத்தான் வந்திருப்பேன்.

அப்புறம் ஒரு யோசனை. உடைக்காமல் உள்ளே பார்க்க வழி இருக்காதா? சும்மா இல்லை, முயற்சி செய்தேன். கடை முட்டையை நிமிர்த்தி வைத்து, கூர்ப்பக்கம் கத்தியால் வட்டமாக ஓட்டை போட்டேன். ஓடு உள்ளே நொறுங்கி மஞ்சள் உடைந்தது. அகன்ற பக்கம் போட்டேன், உள்ளே வெறும் காற்று, அதற்குக் கீழே ஒரு தோல், அதைக் கிழித்தால் மறுபடி மஞ்சள் உடைகிறது. ஆணியால் குத்தினேன். ஹேக்ஸா பிளேடால் அறுத்தேன், அதைப் பற்றி எழுத வெட்கமாக இருக்கிறது. ஒரு தட்டு முட்டை வீண். மரியம் எல்லாவற்றையும் வழித்து வெங்காயம் போட்டு ஆம்லெட் ஆக்கிவிட்டாள். அன்று நாசி லெமாக் கேட்டவர்களுக்கும் ஆம்லெட், மீ கோரேங் கேட்டவர்களுக்கும் ஆம்லெட். ஆக, உன் அத்தாவால் முடியவில்லை.

ஆனால் ஒரு சந்தேகம் போகமாட்டேன் என்கிறது. அந்தத் தவளை முட்டை எப்படிக் கவிழ்த்தாலும் கறுப்புப் பக்கம் மேலே வந்ததே, கோழி முட்டையில் அந்த வெள்ளைப் புள்ளியும் அப்படி வருமா? முட்டையை நிமிர்த்தாமல் படுக்கப்போட்டால் புள்ளி எங்கே போய் நிற்கும்? எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. தெரிந்தால் எந்த இடத்தில் ஓட்டை போடக் கூடாது என்றாவது தெரியும்.

நீ பரீட்சைக்குப் போனால் எனக்குச் சந்தோஷம், பொய் சொல்லமாட்டேன். போகாவிட்டால் நான் கேட்கமாட்டேன், அதுவும் பொய் இல்லை.

அத்தா


கோத்தா கினபாலு
21 செப்டம்பர் 2024

அத்தாவுக்கு,

புறங்கைக்கு மருந்து போட்டீர்களா? கோழி கொத்தினால் புண் சீழ் பிடிக்கும், கிளினிக்குக்குப் போங்கள்.

வரும். கோழி முட்டையிலும் வரும். மஞ்சள் கனம், புள்ளி இருக்கும் பக்கம் லேசு. முட்டையைப் படுக்கப்போட்டுச் சற்று நேரம் அசைக்காமல் விட்டால், மஞ்சள் உள்ளுக்குள் புரண்டு புள்ளி மேலே வந்து ஓட்டுக்கு அடியில் நிற்கும். எப்படி உருட்டினாலும் உயிர் மேல் பக்கம்தான். இந்தப் பாடத்தை மனப்பாடம் செய்து எழுதி நல்ல மார்க் வாங்கியிருக்கிறேன். மஞ்சள் எந்தப் பக்கம் என்று எழுதினேனே தவிர, அப்படியானால் உயிர் எந்தப் பக்கம் என்று ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை.

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு லெக்சரரிடம் போனேன். ஹேக்ஸா பிளேடை மட்டும் மறைத்துவிட்டேன். அன்று ஏன் வெளியே போனாய் என்று கேட்டார், சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஓட்டில் ஜன்னல் வெட்டிப் பார்க்கும் முறை இருக்கிறதாம். முட்டையைப் படுக்கவைத்து, அகன்ற முனையில் ஊசி குத்திக் கொஞ்சம் வெள்ளைக் கருவை உறிஞ்சினால், மஞ்சள் ஓட்டை விட்டுக் கீழே இறங்கும். மேலே டேப் ஒட்டி, டேப்போடு சேர்த்துச் சின்னக் கத்தரிக்கோலால் வெட்ட வேண்டும், அப்போது ஓடு உள்ளே உதிராது. பார்த்துவிட்டு மறுபடி டேப்பால் மூடி இன்குபேட்டரில் வைக்கலாம். எல்லாம் பிழைக்காது, ஆனால் உடனே சாகவும் சாகாது. "உனக்குக் காட்டவும் பெயர் சொல்லவும் தெரிந்தால் போதும், வழி உன் இஷ்டம்" என்றார். ஆனால் ஜன்னல் வெட்டுவது உடைத்து ஊற்றுவதை விடக் கஷ்டம், கை நடுங்கினால் எல்லாம் போய்விடும் என்றும் சொன்னார்.

கை நடுங்குகிறது, அத்தா. கான்டீன் முட்டையில் பழகுகிறேன். ஐந்தில் ஒன்றுதான் சரியாக வருகிறது. மீதிக்கு இங்கேயும் ஆம்லெட். ரூம்மேட் உங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஆறுதல் சொல்லச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை, இருபத்தேழாம் தேதி போகிறேன். பேனர் வேண்டாம், துஆ போதும்.

அஃபிஃபா


கோத்தா கினபாலு
29 செப்டம்பர் 2024

அத்தாவுக்கு,

போனேன்.

முட்டையைக் கொடுத்ததும் இந்தத் தடவையும் விளக்கில் பிடித்துப் பார்த்தேன். வேண்டுமென்றே பார்த்தேன். அதே சிவப்பு, அதே துடிப்பு. பிறகு படுக்கவைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மற்றவர்கள் உடைத்து ஊற்றி வரையத் தொடங்கிவிட்டார்கள், மேற்பார்வைக்கு வந்த அக்கா என்னைப் பார்த்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். இவள் மறுபடி எழுந்து போய்விடுவாள் என்று நினைத்திருப்பார். நான் அது புரண்டு மேலே வரட்டும் என்று காத்திருந்தேன். உங்கள் தவளைக் கிளாஸைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கத்தரிக்கோலின் முதல் வெட்டில் கை நடுங்கியது. இரண்டாவதில் நடுங்கவில்லை. டேப்போடு ஓட்டைத் தூக்கினேன். அங்கேயே இருந்தது, அத்தா. நேர் மேலே. என்னைப் பார்த்துக்கொண்டிருப்பது போல. இதயம் மட்டும்தான் வேலை செய்கிறது, மீதியெல்லாம் இன்னும் கோடும் மடிப்புமாக இருக்கிறது. லெக்சரர் வந்து ஒவ்வொன்றாகக் கேட்டார், காட்டினேன். கடைசியாக, முட்டையில் மஞ்சள் ஒரு பக்கம் ஒதுங்கியிருப்பதால் உனக்கு என்ன லாபம் என்று கேட்டார். எங்கே வெட்டலாம் என்று தெரிகிறது என்றேன். பேனாவை மூடிவிட்டுப் போய்விட்டார். அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

திரும்ப டேப் ஒட்டினேன். உங்கள் எழுத்து மாதிரி கோணலாக வந்தது. பென்சிலால் என் பெயர் எழுதி இன்குபேட்டரில் வைத்திருக்கிறேன். இன்று போய்ப் பார்த்தேன். கண் கறுப்பாகத் தெரிய ஆரம்பித்திருக்கிறது. பொரிக்குமா என்று கேட்காதீர்கள், பெரும்பாலும் பொரிக்காது. ஆனால் இன்றைக்கு இருக்கிறது.

ரிசல்ட் வரும் வெள்ளிக்கிழமை. அம்மாவிடம் சொல்வேன். அக்டோபர் நடுவில் ஒரு வாரம் வீட்டுக்கு வருகிறேன். பாஸ் ஆனாலும் ஆகாவிட்டாலும்.

அஃபிஃபா


கோல சிலாங்கூர்
6 அக்டோபர் 2024

மகள் அஃபிஃபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வெள்ளிக்கிழமை காலை மரியம் போனை வைத்துவிட்டு அடுப்படிக்கு வந்தாள். நான் கேட்கவில்லை. அவள் சட்டியைத் தேய்த்துக்கொண்டே, "பாஸு" என்றாள். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெங்காயம் என்றாள். அங்கே வெங்காயமே இல்லை.

அன்றைக்கு ஜும்மா முடிந்து அதே கூட்டம் வந்தது. அதே மேசை, அதே ஆட்கள். எனக்கு வார்த்தை பல்லுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டது. மாவை வீசிக்கொண்டே இருந்தேன். ரொட்டி அவ்வளவு மெல்லிசாக வந்ததே இல்லை. உடையப்பன் அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்ன பாய், வாய்க்குள்ள எதையோ அடை வெச்ச மாரி இருக்கே?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். வெறும் ரொட்டி கேட்டிருந்தார். கை தானாக இரண்டு முட்டையைப் போட்டுவிட்டது.

"முட்ட கேக்கலயே" என்றார்.

"தெரியும்ணே" என்றேன்.

பாதி சாப்பிட்டபிறகு, குரலைத் தாழ்த்தி, "புள்ள பாஸா?" என்று கேட்டார்.

"அது அவ வந்து சொல்ல வேண்டியதுண்ணே" என்றேன்.

அவர் ஒரு துண்டு ரொட்டியைப் பிய்த்துக் கறியில் தோய்த்தார். பிறகு, "அதுஞ் சரிதான்" என்று சொல்லிவிட்டு மீதியைச் சாப்பிட்டார். நான் வாயைத் திறக்காமலே ஒரு ஜும்மா கூட்டம் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனது இதுதான் முதல் தடவை. மரியம் எனக்குக் காய்ச்சலா என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

அந்தப் பேனரைத் தங்கமணி அக்காவிடம் கொடுத்துவிட்டேன். கோழிக்கூட்டின் மேல் தகரம் ஓட்டையாகி மழை ஒழுகுகிறது என்றார். எழுத்துப் பக்கம் உள்ளே இருக்கும்படி விரித்துக் கட்டினோம். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் வெள்ளைத் துணி. கோழிகள் மட்டும் அண்ணாந்தால் உன் படத்தைப் பார்க்கலாம். 'முதல் வகுப்பில் தேர்ச்சி' என்றும் படிக்கலாம். நான் கூட்டுக்குள் குனிந்து பார்த்த முட்டை பொரித்துவிட்டது. எந்தக் குஞ்சு என்று தெரியவில்லை, என்னைக் கண்டால் எல்லாமே ஓடுகின்றன.

நேற்று என் போனைத் திறந்தால், நீ பிளாக் பண்ணியதிலிருந்து சாம்பல் வட்டமாகக் கிடந்த உன் இடத்தில் படம் வந்திருக்கிறது. டேப் ஒட்டிய முட்டை, பென்சிலில் உன் பெயர். உடனே அழைக்க விரலை வைத்தேன். எடுத்துவிட்டேன். இங்கே வந்து உட்கார்ந்து, அதன் கண் இன்னும் தெரிகிறதா, சிறகு வந்துவிட்டதா, எல்லாம் எனக்குச் சொல். போனில் சொன்னால் கல்லில் ரொட்டி கருகிவிடும், எனக்கு முழுசாகக் கேட்க வேண்டும்.

இந்தக் கடிதத்தோடு சம்பல் இல்லை, செருண்டிங் இல்லை. உறை லேசாக இருக்கிறதே, அத்தா மறந்துவிட்டாரா என்று நினைக்காதே. மரியம் டப்பாவைக் கழுவித்தான் வைத்தாள், நான்தான் வேண்டாம் என்றேன். பக்கத்தில் வந்துவிடுகிறவளுக்கு எதற்குக் கட்டிக்கொடுப்பது?

விமானத்தில் எதுவும் வாங்கிச் சாப்பிடாதே. பசியோடு வா.

அத்தா